டயலிசிஸ் பிரிவில் ஹெபடைடிஸ் சி: தனி இயந்திரம் போதுமா?

செப்டெம்பர் 6 – கேள்வி (நெடுங்கேணி வாசகர்)

எங்கள் அப்பா வாரத்தில் இரண்டு நாள் டயலிசிஸ் செய்கிறார். அவருடைய பிரிவில் இருவருக்கு ஹெபடைடிஸ் சி இருப்பதாகத் தெரியவந்திருக்கிறது. இயந்திரத்தால்தான் பரவுகிறது, அவர்களுக்குத் தனி இயந்திரம் கொடுத்தால் மற்றவர்களுக்குப் பயமில்லை என்கிறார்கள். நோயாளரின் வீட்டார் சிலர் சேர்ந்து கடிதம் கொடுக்கப் போகிறோம். அந்த இருவரையும் வேறு வைத்தியசாலைக்கு மாற்றும்படி கேட்கலாமா? அனுபவம் உள்ளவர்கள் எழுதுங்கள்.

செப்டெம்பர் 6, இரவு

கடிதத்தைக் கட்டாயம் கொடுங்கள், தம்பி. ஆனால் அந்த இருவரையும் வெளியேற்றச் சொல்லி அதில் ஒரு வரிகூட வரவேண்டாம். நோயை அவர்கள் வெளியிலிருந்து கொண்டுவந்தார்கள் என்று யார் சொன்னது? ஹெபடைடிஸ் சி என்பது குருதி வழியாகத் தொற்றி ஈரலைத் தாக்கும் வைரஸ். இலங்கையில் பொதுமக்களிடம் அது மிகக் குறைவு. நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. ஊரில் காண அரிதான ஒரு தொற்று ஒரே அறையில் படுக்கும் இருவருக்கு வந்தால், முதலில் கேள்வி கேட்கவேண்டியது அந்த அறையைப் பற்றித்தான். உங்கள் அப்பாவுக்கு நேரக்கூடிய ஒன்று அவர்களுக்கு முந்தி நேர்ந்திருக்கிறது.

நான் கிளிநொச்சி மாவட்டம். கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கெழுதி ஓய்வுபெற்றவன். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுச் சில ஆண்டுகளாக டயலிசிஸில் இருக்கிறேன். இடையில் எனக்கும் சி தொற்றியது. மருந்து எடுத்தேன், குணமாகிவிட்டது. எந்த வைத்தியசாலை என்று கேட்கவேண்டாம், எழுதமாட்டேன். அங்கே இருக்கிற தாதியர் இல்லையென்றால் நான் இன்று இல்லை. இரண்டையும் சேர்த்துத்தான் இந்த இழையில் எழுதப்போகிறேன்.

இன்று டயலிசிஸ் நாள். மிச்சத்தை நாளை எழுதுகிறேன்.

செப்டெம்பர் 7

முதலில் இயந்திரம். அதை எல்லோரும் சந்தேகிப்பது இயல்பு. குருதி முழுவதும் அதற்குள் போய்வருகிறது என்றுதான் பார்ப்பவருக்குத் தோன்றும். உண்மையில் நம்முடைய குருதி இயந்திரத்தின் வயிற்றுக்குள் போவதேயில்லை. கையிலிருந்து புறப்பட்டுக் குழாய் வழியாக வடிகட்டிக்குப் போகிறது, அங்கிருந்து கைக்குத் திரும்புகிறது. குழாயும் வடிகட்டியும் ஒவ்வொருவருக்கும் தனி. இயந்திரத்துக்குள் ஓடுவது கழுவும் திரவம் மட்டும்தான். நிமிடத்துக்கு 500 மில்லிலீற்றர் என்றால் நான்கு மணி நேரத்தில் 120 லீற்றர். குருதிக்கும் அந்தத் திரவத்துக்கும் நடுவே வடிகட்டியின் மென்சவ்வு இருக்கிறது. அதன் துளைகள் சில நானோமீற்றர் அளவு. சி வைரஸ் ஏறத்தாழ 50 நானோமீற்றர். சவ்வு கிழியாதவரை வைரஸ் அந்தப் பக்கம் போக வழியில்லை.

அதனால்தான் சிறுநீரக நோய்க்கான பன்னாட்டு வழிகாட்டல்களை வெளியிடும் கே.டி.ஐ.ஜி.ஓ. அமைப்பு, சி தொற்றியவர்களுக்கெனத் தனி இயந்திரம் ஒதுக்கும்படி சொல்வதில்லை. அவர்களைத் தனி அறையில் வைக்கும்படியும் சொல்வதில்லை. கை கழுவுதல், கையுறை, ஊசி மருந்தைக் கையாளும் முறை, மேற்பரப்புகளைத் துடைத்தல் ஆகியவற்றில்தான் அது முழு அழுத்தத்தையும் வைக்கிறது.

இயந்திரத்தின் வெளிப்புறம் வேறு கதை. பொத்தான்கள், குழாயை இறுக்கும் கிளிப், கதிரைக் கை, பிரஷர் பார்க்கும் பட்டி, இவற்றில் எல்லாம் குருதி படும். கண்ணுக்குத் தெரியாத அளவிலும் படும். ஒருவரின் கையில் ஊசி குத்துகிற இடமான ஃபிஸ்டுலாவை அழுத்திப் பிடித்த கையுறையோடு, பக்கத்து இயந்திரம் சத்தம் போடுகிறது என்று ஓடிப்போய் அதன் பொத்தானை அமர்த்துகிறார் ஒருவர். அந்தப் பொத்தானை அடுத்துத் தொடுகிற விரல் அடுத்தவரின் ஊசியைத் தொடுகிறது. இதை நான் படுத்திருந்த இடத்திலிருந்தே பலமுறை பார்த்திருக்கிறேன். நான்கு மணி நேரம் அசையாமல் கிடக்கிறவனுக்குப் பார்ப்பதைத் தவிர வேறு வேலை இல்லை.

செப்டெம்பர் 7, மாலை

ஒரு சேர்க்கை. காய்ந்த குருதியில் வைரஸ் செத்துவிடும்தானே என்று தனிச்செய்தியில் ஒருவர் கேட்டிருக்கிறார். உடனே சாவதில்லை. அறை வெப்பநிலையில் காய்ந்த துளியில் ஆறு கிழமை வரைகூடத் தொற்றும் வலுவோடு இருக்கமுடியும் என்று ஆய்வுகூடத்தில் காட்டியிருக்கிறார்கள். குளோரின் கரைசலால் முறையாகத் துடைத்தால் அழிந்துவிடும். வீட்டுப் பாவனைப் பிளீச் ஒரு பங்குக்குத் தண்ணீர் தொண்ணூற்றொன்பது பங்கு, வழமையான மேற்பரப்புக்கு அது போதும். குருதி கொட்டிய இடத்துக்கு ஒன்றுக்கு ஒன்பது.

செப்டெம்பர் 9

ஹெப்பரின் குப்பியைப் பற்றி எழுதாமல் விட்டால் பாதியை விட்டதாகிவிடும்.

குழாயில் குருதி உறையாமலிருக்க ஒவ்வொருவருக்கும் ஹெப்பரின் ஏற்றுவார்கள். அது பெரும்பாலும் 5 மில்லிலீற்றர் குப்பியில் வருகிறது, மில்லிலீற்றருக்கு 5,000 அலகு. ஒருவருக்கு ஒரு தடவை அவ்வளவு தேவையில்லை. ஆகவே ஒரு குப்பி பலருக்குப் போகிறது. ஒவ்வொரு தடவையும் புதிய ஊசி, புதிய சிரிஞ்ச் என்றால் அதில் ஆபத்து இல்லை. ஒருவருக்கு ஏற்றிய சிரிஞ்சே, ஊசியை மட்டும் மாற்றி, மீண்டும் குப்பிக்குள் ஒரேயொரு முறை போனாலும் அந்தக் குப்பியிலிருந்து எடுக்கிற எல்லோருக்கும் அது போய்ச்சேரும். ஊசியை மாற்றினால் போதும், சிரிஞ்ச் சுத்தம்தான் என்கிற நம்பிக்கை உலகம் முழுவதும் எத்தனையோ வைத்தியசாலைகளில் தொற்றைப் பரப்பியிருக்கிறது. தண்டை இழுக்கும்போது கண்ணுக்குத் தெரியாத குருதி பின்னோக்கி ஏறிவிடும்.

நான் இருந்த இடத்தில் குப்பி தள்ளுவண்டியில் கட்டிலுக்குக் கட்டில் போகும். ரப்பர் மூடியில் பல துளைகள். மேலே ஒட்டிய பிளாஸ்டர்த் துண்டில் திறந்த திகதி. அதன் பக்கத்திலேயே பாவித்த கோஸ், கழற்றிய கையுறை. 2022 இல் நாடு நொடிந்துபோய் மருந்தும் சிரிஞ்சும் தட்டுப்பட்ட காலத்தில் வெளியே வாங்கிவரச் சொன்னார்கள். வாங்கிக் கொடுத்தோம். அந்த நாட்களில் எது எத்தனை முறை பாவிக்கப்பட்டது என்று யாராலும் எழுதிவைத்திருக்க முடியாது.

மருந்தை நோயாளிகள் படுத்திருக்கும் இடத்துக்குக் கொண்டுவராமல், தனியான சுத்தமான மேசையில் ஒருவருக்குரியதை மட்டும் எடுத்துவந்து ஏற்றுவதுதான் முறை. இதற்குப் பெரிய செலவு இல்லை. ஒரு மேசையும் ஒரு ஆளும் வேண்டும். அந்த ஒரு ஆள்தான் நம்மிடம் இல்லை.

செப்டெம்பர் 11

புதுக்குடியிருப்பு வாசகருக்கு. உங்கள் அண்ணாவுக்கு 2009 போரில் காயப்பட்டபோது ஏற்றிய குருதியால்தான் சி வந்தது என்று டயலிசிஸ் பிரிவில் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். மாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும் தற்காலிக வைத்தியசாலைகளில் எப்படிக் குருதி ஏற்றினார்கள் என்பது நமக்குத் தெரியும். அந்த நாட்களில் ஏற்றாவிட்டால் அந்த இடத்திலேயே உயிர் போயிருக்கும். அப்படித் தொற்றியிருக்கவே முடியாது என்று நான் வாதாடவில்லை.

ஆனால் இதைத் தீர்க்க வழி இருக்கிறது. அண்ணாவின் கிளினிக் கொப்பியை எடுத்துப் பாருங்கள். டயலிசிஸ் தொடங்குவதற்கு முன் பி, சி, எச்.ஐ.வி. மூன்றுக்கும் பரிசோதனை செய்வார்கள். அன்றைக்கு சி இல்லை என்று எழுதியிருந்து, பிறகு செய்த பரிசோதனையில் இருக்கிறது என்று வந்தால், 2009 இன் மேல் பழி போடமுடியாது. எனக்கும் இதையேதான் சொன்னார்கள். இடம்பெயர்ந்து போனபோது ஒரு சத்திரசிகிச்சையும் குருதியேற்றமும் எனக்கு நடந்தது உண்மை. கொப்பியை விரித்துத் தொடக்கப் பரிசோதனையின் பக்கத்தைக் காட்டினேன். அதற்குப் பிறகு அந்தப் பேச்சு எழவில்லை.

ஆகவே எல்லோரிடமும் கேட்கிறேன்: கொப்பியின் ஒவ்வொரு பக்கத்தையும் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். வெள்ளத்திலும் இடம்பெயர்விலும் காகிதங்களை இழந்த சனம் நாங்கள். இதையும் இழக்கவேண்டாம்.

செப்டெம்பர் 14

பி வைரஸ் உள்ளவர்களைத் தனி அறையில் வைக்கிறார்களே, சி உள்ளவர்களை ஏன் வைக்கக்கூடாது என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்வி. பி தொற்றியவரின் குருதியில் வைரஸ் அளவு கடந்து இருக்கும். சியைவிட மிக எளிதாகத் தொற்றும். 1970களிலேயே அமெரிக்காவில் பி நோயாளிகளைப் பிரித்துவைக்கச் சொன்னார்கள், தொற்று வெகுவாகக் குறைந்தது. பிக்குத் தடுப்பூசியும் இருக்கிறது. டயலிசிஸ் நோயாளிகளுக்கு அதை வழமையைவிட இரட்டிப்பு அளவில் போடவேண்டும், போட்டபின் எதிர்ப்புச் சக்தி வந்ததா என்று பார்க்கவும் வேண்டும். போட்டாகிவிட்டதா என்று உங்கள் வீட்டாரைக் கேளுங்கள்.

சிக்குத் தடுப்பூசி இல்லை. 1989 வரை அந்த வைரஸ் எதுவென்றே தெரியாது. ஏயும் இல்லை, பியும் இல்லை என்றுதான் அந்த ஈரல் அழற்சியை அழைத்தார்கள். கண்டுபிடிப்புக்கு வழிவகுத்த மூவருக்கு 2020 இல் நோபல் பரிசு கிடைத்தது.

செப்டெம்பர் 14, பிற்பகல்

சிக்குக் கீழ்க்காய்நெல்லி அரைத்துக் கொடுக்கலாம் என்று எழுதிய அம்மாவுக்கு. செங்கண்மாரிக்கு எங்கள் வீட்டிலும் அதைத்தான் அரைத்துக் கொடுத்தார்கள். ஆனால் நம் ஊரில் செங்கண்மாரி என்று காண்பது பெரும்பாலும் ஹெபடைடிஸ் ஏ. அது தண்ணீராலும் சாப்பாட்டாலும் பரவுவது. 2009 இல் மெனிக் பாம் இடம்பெயர்ந்தோர் முகாம்களில் கண் மஞ்சளாகி விழுந்த பிள்ளைகளுக்கு வந்தது அதுதான். அது அநேகமாகத் தானாகவே மாறும். எதைக் குடித்தாலும் மாறியதுபோலத் தோன்றும்.

சி அப்படி இல்லை. தொற்றியவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்குத் தொடக்கத்தில் ஒரு அறிகுறியும் தெரியாது. கண் மஞ்சளாகாது, காய்ச்சல் வராது. பத்தில் ஏழு பேரளவில் வைரஸ் உடலிலேயே தங்கிவிடுகிறது. அப்படித் தங்கியவர்களில் நூற்றுக்குப் பதினைந்து முதல் முப்பது பேருக்கு இருபது ஆண்டுக்குள் ஈரல் சுருங்கிவிடுகிறது. கீழ்க்காய்நெல்லியால் சி குணமாகும் என்று நிரூபிக்கப்படவில்லை. சிறுநீரகம் வேலை செய்யாதவர்களுக்குப் பச்சிலைச் சாற்றில் இருக்கும் பொட்டாசியமும் ஆபத்து, இளநீர் ஆபத்தாக இருப்பதுபோலவே. அன்போடுதான் சொல்கிறேன், கொடுக்கவேண்டாம்.

செப்டெம்பர் 15

தண்ணீராலும் சாப்பாட்டாலும் பரவுவது ஏ என்று எழுதியதைப் படித்துவிட்டு, சியும் ஒரே கோப்பையில் குடித்தால் வருமா என்று ஒருவர் பயந்திருக்கிறார். வராது. ஒரே கோப்பை, ஒரே பாய், கட்டிப்பிடித்தல், பிள்ளையைத் தூக்குதல் எதனாலும் சி வராது. சவர அலகையும் பல் தூரிகையையும் மட்டும் பகிரவேண்டாம், அவற்றில் குருதி படும்.

செப்டெம்பர் 20

இது நம் ஊரின் ஏழ்மையால் மட்டும் வருவது என்று எண்ணுகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

நியூயோர்க் நகரத்தில் ஒரு டயலிசிஸ் நிலையத்தில் 2001 முதல் 2008 வரை சி பரவியிருந்ததைக் கண்டுபிடித்தார்கள். 2014, 2015 ஆகிய இரண்டு ஆண்டுகளில் அமெரிக்காவின் எட்டு மாநிலங்களில், 19 நிலையங்களில், 36 புதிய தொற்றுகள் தெரியவந்து, 2016 ஜனவரியில் அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் எல்லா டயலிசிஸ் நிலையங்களுக்கும் எச்சரிக்கை விடுத்தது. 2015 இல் சிங்கப்பூரின் பொது மருத்துவமனையில் சிறுநீரக வாட்டில் 25 பேருக்குத் தொற்றியது. வசதியும் பணமும் நிறைந்த இடங்கள்தான் இவை. உலகின் பல நாடுகளில் டயலிசிஸ் நோயாளரைத் தொடர்ந்து கணக்கெடுக்கும் ஆய்வொன்றில், 2012 முதல் 2015 வரை பார்த்தவர்களில் சுமார் 10 விழுக்காட்டினருக்கு சி இருந்தது.

எல்லா இடத்திலும் விசாரித்தபோது அகப்பட்டவை சில்லறைக் காரியங்கள்தான்: மாற்றாத கையுறை, கழுவாத கை, நோயாளி எழும்ப முன்னரே துடைக்கத் தொடங்கிய கதிரை, பொதுக் குப்பி.

நான் நேரில் கண்டது மாறும் நேரம். காலைக்காரர் முடிந்து மதியக்காரர் வருகிற இடைவெளி. காலைக்காரருக்கு ஊசி கழற்றி, கோஸ் வைத்து அழுத்திப் பிடிக்கவேண்டும். ஃபிஸ்டுலா என்பது நாடியையும் நாளத்தையும் இணைத்துச் செய்தது. பத்து நிமிடம் பிடிக்காவிட்டால் பீறிட்டு அடிக்கும். அதே நேரம் மதியக்காரர் கதவடியில் நிற்கிறார். துணுக்காயிலிருந்து விடிய முன் புறப்பட்டு, மாங்குளத்தில் பஸ் மாறி வந்தவர்; மாலை பஸ்ஸைத் தவறவிட்டால் இரவு வைத்தியசாலை வாங்கில்தான் படுக்கை. அவர் அவசரப்படுத்துகிறார். மிஸ்ஸி ஒருவர், கட்டில் ஐந்தோ ஆறோ. காலைக்காரர் ஒரு கையால் கோஸைப் பிடித்தபடி கதிரையில் இருக்கும்போதே இயந்திரத்தைத் துடைக்கிறார்கள். அவர் எழும்புகிறார், மற்றவர் அமர்கிறார். கதிரைக் கையில் ஒரு துளி இருந்ததா இல்லையா என்று பார்க்க எவருக்கும் நேரம் இல்லை.

முறை என்னவென்றால், முதலாமவர் எழும்பிப் போகவேண்டும்; பாவித்த அனைத்தையும் அகற்றவேண்டும்; கழிவு வாளியையும் வெறுமையாக்கிக் கதிரை, இயந்திரம், பட்டி, கிளிப் எல்லாவற்றையும் துடைத்து ஈரம் காயவிடவேண்டும். அதற்குப் பிறகுதான் அடுத்தவருக்குரிய புதிய பொருள் ஒன்றேனும் அந்த இடத்துக்கு வரவேண்டும். நாம் அவசரப்படுத்தினால் இது நடக்காது. வாரத்துக்கு மூன்று தடவை என்றால் ஆண்டுக்கு 156 தடவை, தடவைக்கு இரண்டு ஊசி, 312 குத்து. இரண்டு தடவை செய்கிற நம்மவருக்கும் 208. ஒவ்வொரு குத்திலும் இந்த இடைவெளி சரியாக இருக்கவேண்டும்.

ஒக்டோபர் 2

தனியாக வைப்பதைப் பற்றி மீண்டும். ஒரு தாதி உத்தியோகத்தர் இந்த இழையைப் படித்துவிட்டு எழுதியிருந்தார்: “ஐயா, ஆறு பேருக்கு நான் ஒருத்தி. கை கழுவ ஓடினால் யாருக்காவது பிரஷர் விழுந்துவிடும். சி உள்ளவர்களை ஒரு மூலையில் சேர்த்துவைத்தால் அந்தப் பக்கத்தையாவது தனியாகக் கவனிக்கலாம்.”

இதைப் பற்றிச் சில நாள் யோசித்தேன். அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. பிரித்துவைத்த சில நாடுகளில் தொற்றுக் குறைந்ததாக அறிக்கைகள் உண்டு. ஆனால் அதே காலத்தில் மற்றச் சுகாதார நடைமுறைகளும் திருந்தியதால், எது குறைத்தது என்று பிரித்துச் சொல்லமுடியவில்லை. ஆகவே அவரைக் குறைசொல்லமாட்டேன். ஆள் இல்லாத இடத்தில் தற்காலிகமாக அப்படிச் செய்யலாம் என்பதை ஏற்கிறேன்.

ஆனால் இரண்டு கேடுகள். சி என்று ஒரு மூலையில் சேர்க்கப்பட்டவர்களுக்குள் வைரஸின் வகை வேறுபடலாம். ஆறு பெரிய மரபு வகைகள் உண்டு. கை கழுவாத பழக்கம் அந்த மூலையில் தொடர்ந்தால் ஒருவருக்கு இரண்டு வகையும் சேரும். அதைவிடப் பெரிய கேடு: வழமையான பரிசோதனை தேடுவது பிறபொருளெதிரியை, அதாவது வைரஸை எதிர்க்க உடல் உண்டாக்கும் பொருளை. தொற்றிய புதிதில் அது தோன்ற இரண்டு மூன்று மாதம் பிடிக்கும். அந்த நாட்களில் பரிசோதித்தால் சி இல்லை என்றே காட்டும். இந்தப் பக்கம் சுத்தமானவர்கள் என்று நம்பிக் கை தளர்ந்த இடத்தில் அப்படி ஒருவர் படுத்திருப்பார்.

மூலையில் இருந்த அனுபவத்தையும் எழுதிவிடுகிறேன். என்னுடைய கோப்பில் சிவப்பு மையால் பெரிதாக ‘சி’ என்று எழுதியிருந்தார்கள். வாட்டுக்குள் வருகிற எவரும் படிக்கலாம். என்னோடு பிள்ளையார் கோயில் திருவிழா, நெல் விலை எல்லாம் கதைத்துக்கொண்டிருந்தவர் அடுத்த கிழமை கதிரையை மாற்றிக் கேட்டார். சாப்பாடு கொண்டுவந்த மனைவியை அந்தப் பக்கம் போகவேண்டாம் என்று இன்னொருவரின் மகள் மறித்தாள். குணமாகிய பிறகும் பல மாதம் அந்த எழுத்து அழிக்கப்படவில்லை. சிறுநீரகம் போனதைத் தாங்கினேன். இதைத் தாங்குவது அதைவிடக் கடினமாக இருந்தது. தம்பி, உங்கள் கடிதத்தைப் பற்றி முதல் நாளே அவ்வளவு அழுத்திச் சொன்னதற்குக் காரணம் இது.

ஒக்டோபர் 5

மருந்து. பலர் கேட்கிறீர்கள்.

முன்பு இன்டர்பெரோன் ஊசியும் ரிபாவிரினும் கொடுத்தார்கள். டயலிசிஸ் நோயாளருக்கு அது பெரும் வதை. ஏற்கெனவே குருதிச்சோகை உள்ள நமக்கு ரிபாவிரின் சிவப்பணுக்களையும் உடைத்துவிடும். 2013 இல் சொபோஸ்புவிர் வந்தபின் நிலைமை தலைகீழாக மாறியது. வேறொரு மருந்தோடு சேர்த்து நாளுக்கு ஒரு குளிசை, பன்னிரண்டு கிழமை, நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேற்பட்டவர்கள் குணம். அமெரிக்காவில் முதலில் ஒருவருக்கு 84,000 டொலர் விலை. இந்திய நிறுவனங்கள் உரிமம் பெற்றுச் செய்யத் தொடங்கியபின் விலை பல மடங்கு இறங்கியது.

நமக்கு அதில் ஒரு தடை இருந்தது. சொபோஸ்புவிர் சிறுநீரகம் வழியாக வெளியேறுவது. ஆகவே டயலிசிஸில் உள்ளவர்களுக்கு வேண்டாம் என்று முதலில் எழுதியிருந்தார்கள். பிறகு பலருக்குக் கொடுத்துப் பார்த்து, 2019 இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் அந்தத் தடையை நீக்கியது. அந்தப் பழைய தடையை இன்றும் சொல்லித் திருப்பி அனுப்பினால், விசேட வைத்தியரைப் பார்க்கக் கடிதம் கேளுங்கள். ஈரல் வழியாக வெளியேறும் கிளெகாப்ரெவிர், பிப்ரென்டாஸ்விர் கூட்டு மருந்தும் உண்டு. அது சிறுநீரக நோயாளருக்குப் பொருந்தும், பலருக்கு எட்டுக் கிழமை போதும்.

தொடங்குமுன் மூன்றைச் சொல்லுங்கள். வயிற்றெரிவுக்கு ஓமப்பிரசோல் எடுக்கிறீர்களா. சில கூட்டு மருந்துகளை அது உடலில் சேரவிடாது. இதயத்துக்கு அமியோடரோன் எடுக்கிறீர்களா. சொபோஸ்புவிரோடு சேர்ந்தால் நாடித்துடிப்பு ஆபத்தாக இறங்கலாம். உடலில் பி உறங்கிக் கிடக்கிறதா. சி போகும்போது அது விழித்துக்கொள்ளலாம் என்பதால் முதலில் பரிசோதிக்கவேண்டும்.

நான் எடுத்த காலத்தில் கொஞ்சம் தலையிடியும் சோர்வும் இருந்தன. டயலிசிஸ் முடிந்துவரும் சோர்வு எது, மருந்தின் சோர்வு எது என்று பிரித்தறிய முடியவில்லை. முடித்துப் பன்னிரண்டு கிழமைக்குப் பிறகு, வைரஸை நேரடியாகத் தேடும் பி.சி.ஆர். பரிசோதனை செய்தார்கள், வைரஸ் இல்லை. அதைத்தான் குணம் என்கிறார்கள்.

ஒக்டோபர் 6

குணமானவர்களுக்கு மீண்டும் தொற்றலாம். உடலில் எஞ்சும் பிறபொருளெதிரி காப்பாற்றாது.

ஒக்டோபர் 19

நேற்று வந்த கேள்வியைப் பார்த்து மனம் கொதித்தது. செட்டிகுளம் பக்கத்தில் ஒரு பெண்ணின் கணவர் மருந்து முடித்துக் குணமானவர். ஆறு மாதப் பரிசோதனையில் சி ‘இருக்கிறது’ என்று வந்ததாம், மறுபடியும் மூலைக் கட்டில்.

தங்கையே, அவர்கள் செய்தது பிறபொருளெதிரிப் பரிசோதனை. ஒருமுறை தொற்றியவருக்கு அது குணமான பிறகும் பல ஆண்டுகள் ‘இருக்கிறது’ என்றே காட்டும். குணமானவரிடம் பார்க்கவேண்டியது வைரஸை நேரடியாகத் தேடும் பி.சி.ஆர். மட்டுமே. இதைக் கொப்பியில் விசேட வைத்தியரைக் கொண்டு எழுதுவித்து வையுங்கள்: இந்தத் திகதியில் குணம், இனிமேல் பி.சி.ஆர். மட்டும். நானும் அப்படி எழுதுவித்த பிறகுதான் சிவப்பு எழுத்து போனது.

மற்றவர்களுக்கு: சி இல்லாதவர்களுக்குத் தொடக்கத்திலும் ஆறு மாதத்துக்கு ஒரு தடவையும் பரிசோதிக்கவேண்டும் என்பது ஏற்றுக்கொள்ளப்பட்ட முறை. குருதியில் ஈரல் நொதியத்தின் அளவை மட்டும் பார்த்துவிட்டு எல்லாம் சரி என்றால் ஏற்கவேண்டாம். டயலிசிஸ் நோயாளரிடம் அந்த எண் இயல்பாகவே தாழ்ந்திருக்கும். சி இருந்தாலும் ஏறாமல் இருக்கலாம்.

நவம்பர் 27

மழை. இரணைமடு வான்கதவு திறந்துவிட்டார்கள். பலருக்கு வரமுடியவில்லை. உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றி வந்த ஒருவரைப் பார்த்தேன், கால் இரண்டும் வீங்கி, மூச்சு இழுத்தது. தவறிய எல்லோரும் ஒரே நாளில் வந்து சேர்ந்தார்கள். இடையில் துடைக்கும் நேரம் இல்லாமலே ஒன்றன்பின் ஒன்றாக ஏற்றினார்கள். குற்றம் சொல்ல நா எழவில்லை. ஏற்றாவிட்டால் அவர் அன்றிரவு தாங்கியிருக்கமாட்டார். ஆனாலும் எழுதிவைக்கிறேன்: வெள்ளத்துக்குப் பிறகு இரண்டு மூன்று மாதத்தில் எல்லோருக்கும் ஒரு மேலதிகப் பரிசோதனை செய்யவேண்டும்.

நெடுங்கேணித் தம்பி கடித வரைவை அனுப்பியிருந்தார். திருத்திக் கொடுத்தேன். அதில் கேட்டிருப்பவை: மாற்று நேரத்தில் அரை மணி இடைவெளி, மருந்தெடுக்கத் தனி மேசை, ஒவ்வொரு கட்டிலடியிலும் கை துடைக்கும் திரவம், பரிசோதனை முடிவை நோயாளியின் கையில் எழுத்தில் கொடுத்தல், மேலதிகமாக ஒரு தாதி, தூரத்து ஊர்க்காரருக்குக் காலை முறையில் இடம். கடைசியாகக் கேட்டதை நான் சேர்த்தேன். துணுக்காய்க்காரர் காலையில் முடித்துப் போனால் மதியம் அவசரப்படுத்த ஒருவர் குறைவார். கையெழுத்து வைத்தவர்களில் அந்த இருவரும் உண்டு.

டிசெம்பர் 12

கனடாவிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். மாமா அங்கே டயலிசிஸ் செய்கிறாராம். வைகாசியில் வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கு வர ஆசைப்படுகிறார், இங்கே செய்யலாமா, ஆபத்தா?

வரட்டும். எத்தனை ஆண்டு காத்திருந்த ஆசையோ தெரியாது. ஆனால் பயணத்துக்கு முன் அங்கே பி, சி இரண்டுக்கும் பரிசோதித்து முடிவைக் கையில் கொண்டுவரவேண்டும். இங்கே இடம் கொடுப்பவர்கள் அதைக் கேட்பார்கள். பிக்கு எதிர்ப்புச் சக்தி குறைந்திருந்தால் இப்போதே ஊசி போடத் தொடங்கவேண்டும், மே மாதம்வரை பார்த்திருக்கக்கூடாது. இடத்தை மாதக்கணக்கில் முன்னதாகக் கேட்டுவையுங்கள். இங்கே உள்ள ஒருவரின் முறையைத் தள்ளிவிட்டு அவருக்கு இடம் வாங்கவேண்டாம். திரும்பிப் போனதும் அங்கே மீண்டும் பரிசோதிப்பார்கள், பி.சி.ஆரும் செய்வார்கள். அதை மாமா அவமானமாக எடுத்துக்கொள்ளவேண்டாம். இடம் மாறி டயலிசிஸ் செய்துவந்த எவருக்கும் அங்கே அதுதான் நடைமுறை. கையுறையும் சிரிஞ்சும் ஒரு பெட்டி கொண்டுவர முடிந்தால் பிரிவுக்கே கொடுத்துவிடுங்கள்.